கனடா குடிமகன் மதுரையில் இருந்தபடி துணையை ஸ்பான்சர் செய்வது: ‘திரும்பிப் போவோம்’ என்பதை நிரூபிக்கும் முழு வழிகாட்டி

மதுரையில் குடியிருந்துகொண்டு கணவனையோ மனைவியையோ கனடாவுக்கு ஸ்பான்சர் செய்கிறவர்கள், கல்யாணம் உண்மையானது என்று காட்டத்தான் பாடுபடுகிறார்கள். ஆல்பம், வாட்ஸ்அப் உரையாடல், விமான டிக்கெட், உறவினர் கடிதம் என்று கட்டுக்கட்டாகச் சேர்கிறது. கூடவே, ‘நாங்கள் கனடாவில் குடியேறுவோம்’ என்று ஒரு பக்கக் கடிதம். கோப்பு தட்டுவது அந்த ஒரு பக்கத்தில்தான்.

கோப்பைப் படிக்கும் அதிகாரிக்கு உங்கள் திருமணத்தில் சந்தேகமே இல்லாமல் இருக்கலாம். அவர் கேட்பது வேறு: அண்ணா நகரில் சொந்த வீடு, இங்கேயே வேலை, பிள்ளைக்கு இங்கேயே பள்ளி என்று இருப்பவர் ஏன் கிளம்பப் போகிறார்? இதற்குத் தாளில் பதில் சொல்லும் வேலையைக் கீழே வரிசைப்படி தருகிறேன். வரிசை முக்கியம். கடிதத்தை முதலில் எழுதிவிட்டு ஆதாரம் தேடுகிறவர்கள்தான் அதிகம் தடுமாறுகிறார்கள்.

1. நீங்கள் குடிமகனா, பி.ஆரா (நிரந்தரக் குடியிருப்பு உரிமை மட்டும் உள்ளவரா) என்று முதலில் பாருங்கள்

கனடாவின் குடிவரவு, அகதிகள் பாதுகாப்பு விதிகளில் 130ஆம் விதி இதைத் தீர்மானிக்கிறது. ஸ்பான்சர் செய்பவர் 18 வயது நிரம்பியவராக, கனடாவில் வசிப்பவராக இருக்க வேண்டும். வெளிநாட்டில் வசித்தபடி ஸ்பான்சர் செய்யும் சலுகை கனடா குடிமக்களுக்கு மட்டுமே உண்டு. அதற்கும் ஒரு நிபந்தனை: துணை பி.ஆர். ஆகும் நேரத்தில் ஸ்பான்சர் கனடாவில் வசிக்க வேண்டும்.

பி.ஆர். அட்டை மட்டும் வைத்திருப்பவர் மதுரையில் குடியிருந்தபடி ஸ்பான்சர் செய்ய முடியாது. கல்யாணத்துக்காக லீவில் வந்து சில வாரம் தங்குவது வேறு. இங்கே வேலை, வாடகை வீடு என்று அமர்ந்துவிட்டால் அது குடியிருப்பு. அப்படிப்பட்டவர் முதலில் திரும்பிப் போய் அங்கே வாழத் தொடங்கி, பிறகு விண்ணப்பிக்க வேண்டும். எத்தனை அழகாகக் கடிதம் எழுதினாலும் இந்த வேலி தாண்டாது.

இன்னொரு தடை. நீங்களே முன்பு ஒரு துணையின் ஸ்பான்சரில் பி.ஆர். ஆனவர் என்றால், அந்த நாளிலிருந்து 5 ஆண்டு முடியும்வரை புதிய துணையை ஸ்பான்சர் செய்ய முடியாது. இடையில் குடியுரிமை வாங்கியிருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

கியூபெக் மாகாணத்தில் குடியேறப் போகிறவர்களுக்கு மாகாண அரசின் தனி நடைமுறையும் உண்டு. இந்த வழிகாட்டி மற்ற மாகாணங்களுக்கானது.

2. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

சப்-ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் பதிந்த திருமணச் சான்று. கோயில் ரசீதும் மண்டப ரசீதும் துணை ஆதாரம்தான். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எந்த மதத்துத் திருமணத்தையும் பதிவது கட்டாயம். பதியாமல் விட்டிருந்தால் அதுதான் முதல் வேலை. கல்யாணத்தன்று இருவரும் நேரில் இருந்திருக்க வேண்டும். வீடியோ காலில் நடந்த திருமணத்தைக் கனடா ஏற்காது.

துணையின் பாஸ்போர்ட் இன்னும் இரண்டு மூன்று ஆண்டுக்காவது செல்லட்டும். கடைசியில் கிடைக்கும் பி.ஆர். உறுதிச் சான்றின் காலக்கெடு, பாஸ்போர்ட் முடியும் தேதியைத் தாண்டாது. புதுப்பிக்க வேண்டுமென்றால் விண்ணப்பிக்கும் முன்பே மதுரை பாஸ்போர்ட் அலுவலகம் வழியாக முடித்துவிடுங்கள். போலீஸ் சான்றும் அதே பாஸ்போர்ட் சேவை வழியாகத்தான். காவல் நிலையத்தில் தனியாக வாங்கும் கடிதம் அதற்கு ஈடாகாது. பயோமெட்ரிக்ஸுக்கு (கைரேகை, புகைப்படப் பதிவு) சென்னை போக வேண்டியிருக்கும்.

தமிழில் மட்டும் உள்ள தாள் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் நோட்டரி முன் கொடுத்த உறுதிமொழிப் பத்திரமும் கூடவே போக வேண்டும். ஆங்கில வாத்தியாரான மாமா மொழிபெயர்த்தால் செல்லாது. குடும்பத்தார் யாரும் செய்யக் கூடாது என்பது விதி. வாடகை ஒப்பந்தம், பட்டா, குடும்பத்துக்குள் எழுதிக்கொண்ட பத்திரம் எல்லாம் பின்னால் ஆதாரமாகத் தேவைப்படும் என்பதால், நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவரை இப்போதே பிடித்து வைத்துக்கொள்ளுங்கள்.

3. கடிதத்துக்கு முன் கால அட்டவணை

ஒரு வெள்ளைத் தாளில் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கம் மதுரையில் முடிக்க வேண்டியவை, வலப்பக்கம் கனடாவில் தொடங்க வேண்டியவை. ஒவ்வொன்றுக்கும் எதிரே காலம்.

இங்கே பெரும்பாலோர் காலண்டர் தேதி போடுகிறார்கள்: ‘ஜூன் 1 அன்று கிளம்புவோம்’. ஒப்புதல் எப்போது வரும் என்பது உங்கள் கையில் இல்லை. பல மாதம் ஆகும், ஓராண்டைத் தாண்டுவதும் உண்டு. ஜூன் கடந்துபோனால், அந்தத் தேதியே உங்கள் திட்டத்தைப் பொய்யாக்கிவிடும்.

அதனால் ஒப்புதல் வரும் நாளைத் தொடக்கமாக வைத்து எண்ணுங்கள். ஒப்புதல் வந்த வாரம் வேலைக்கு நோட்டீஸ். நோட்டீஸ் காலம் மூன்று மாதம். அதற்குள் வீட்டை வாடகைக்கு விடுவது, சாமான் அனுப்புவது, டிக்கெட். பிள்ளை பள்ளியில் படித்தால் இன்னொரு கணக்கும் சேரும். இங்கே பள்ளி ஆண்டு ஏப்ரலில் முடிகிறது, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் செப்டம்பரில் தொடங்குகிறது. ‘ஒப்புதல் பள்ளி ஆண்டின் நடுவில் வந்தால் நான் முன்னதாகப் போய் வீடு பார்ப்பேன், தேர்வு முடிந்ததும் மனைவியும் மகளும் வருவார்கள்’ என்று இரண்டு நிலைமைக்கும் யோசித்த திட்டம், உண்மையில் கிளம்பப் போகிறவரின் திட்டமாகத் தெரியும்.

4. அங்கே எங்கே தங்குவீர்கள்

ஓராண்டு முன்னதாக யாரும் உங்களுக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுத் தர மாட்டார்கள். அதிகாரிக்கும் அது தெரியும். சொந்த வீடு இருந்தால் எளிது: பத்திரம், சொத்து வரி பில், இப்போது வாடகைக்கு விட்டிருந்தால் அதை எப்போது காலி செய்விப்பீர்கள் என்ற குறிப்பு.

இல்லாதவர்களுக்கு டொராண்டோ பக்கம் ஸ்கார்பரோவிலோ பிராம்ப்டனிலோ அக்கா, சித்தப்பா, நண்பர் என்று யாராவது இருப்பார்கள். ‘இவர்கள் எங்கள் வீட்டில் தங்கலாம்’ என்ற ஒற்றை வரிக் கடிதம் பயன்படாது. அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டியவை: வீட்டு முகவரி, எழுதுகிறவர் வீட்டுக்காரரா வாடகைக்காரரா, உங்களுக்கு எந்த அறை அல்லது தளம், எத்தனை மாதம், வாடகை உண்டா இல்லையா, வீட்டில் ஏற்கெனவே எத்தனை பேர். கூடவே சொத்து வரி பில்லோ வாடகை ஒப்பந்தமோ, அவருடைய அடையாள அட்டை நகலோ. அவரே வாடகைக்கு இருந்தால் வீட்டுக்காரரின் சம்மதமும் வேண்டும். இரண்டு அறை அப்பார்ட்மெண்டில் ஏற்கெனவே ஆறு பேர் இருக்க, நீங்கள் மூவர் போய்த் தங்குவதாக எழுதினால் நம்புவது கடினம்.

அடுத்த கட்டத்தையும் ஓரிரு வரியில் சொல்லுங்கள்: முதல் ஆறு மாதம் அக்கா வீடு, பிறகு எந்தப் பகுதியில், சுமார் என்ன வாடகைக்குப் பார்க்கப் போகிறீர்கள். வீட்டு விளம்பரங்களின் பிரிண்ட் நாலைந்து போதும். நாற்பது பக்கம் சேர்த்தால் யாரும் படிக்கப் போவதில்லை.

5. அங்கே என்ன வேலை

கனடாக் கம்பெனிக்கு மதுரையில் உட்கார்ந்து வேலை செய்கிறவர்கள், ‘இவர் கனடாவுக்குத் திரும்பியும் இதே வேலையைத் தொடரலாம்’ என்று மேலாளரிடமோ எச்.ஆரிடமோ கடிதம் வாங்குங்கள். இதைவிட வலுவான தாள் அபூர்வம்.

மற்றவர்கள் இங்கேதான் வழுக்கி விழுகிறார்கள். ஓராண்டு கழித்துச் சேரப்போகும் வேலைக்கு ஆஃபர் லெட்டர் கிடைப்பது அரிது என்பதால், தெரிந்தவர் கடையின் லெட்டர்ஹெட்டில் ஒரு ஆஃபர் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். செய்யாதீர்கள். அதிகாரி அந்த எண்ணுக்கு ஒரு போன் போட்டால் போதும். பொய்த் தகவல் என்று தீர்ப்பானால், துணை 5 ஆண்டு கனடாவுக்குள் நுழைய முடியாமல் போகலாம். உண்மையான திருமணம், உண்மையான திட்டம், ஒரு போலித் தாளால் கெடும்.

ஆஃபர் இல்லாமலே காட்டக்கூடியவை நிறைய உண்டு. கனடா முறையில் திருத்திய ரெஸ்யூமே, ஆட்சேர்ப்பு நிறுவனங்களோடு நடந்த மின்னஞ்சல், பழைய கனடா முதலாளியின் ‘திரும்பி வந்தால் பரிசீலிப்போம்’ என்ற கடிதம், நர்ஸ் அல்லது இன்ஜினியர் என்றால் மாகாணத்தில் உரிமத்தைப் புதுப்பித்த ரசீது. அங்கே படிக்கப் போகிறவர் என்றால் கல்லூரியின் அனுமதிக் கடிதம். துணையின் வேலைத் தேடலும் கணக்கில் வரும். அவருடைய பட்டத்துக்கான கல்விச் சான்று மதிப்பீட்டைத் தொடங்கியிருந்தால் அந்த ரசீதைச் சேருங்கள். பணம் கட்டி, நேரம் செலவழித்துச் செய்த காரியத்துக்கு, செய்வோம் என்ற பேச்சைவிட மதிப்பு அதிகம்.

6. பணம்

துணையை ஸ்பான்சர் செய்யப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமான வரம்பு கிடையாது. பலர் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். வரம்பு இல்லை என்றாலும் திட்டத்துக்குப் பணம் வேண்டும். முதல் ஆறு மாதம் எதை வைத்துச் சாப்பிடுவீர்கள் என்பதற்கு விடை இருக்கட்டும்: கனடா வங்கிக் கணக்கு, இங்குள்ள டெபாசிட், வீட்டு வாடகை வருமானம்.

திடீரென்று ஒரு பெரிய தொகை கணக்கில் விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று தாள் வையுங்கள். மாமனார் கொடுத்தது என்றால் அவர் கையெழுத்திட்ட கடிதமும் அவருடைய கணக்கு விவரமும். தூங்கிக் கிடக்கும் கனடா கணக்கு இருந்தால் இப்போதே உயிர்ப்பியுங்கள்.

7. மதுரையில் இருக்கும் கட்டுகள்: அதிகம் எழுத வேண்டியது இங்கே

கனடாப் பக்கத்தை எல்லோரும் நிரப்புகிறார்கள். மதுரைப் பக்கத்தை மறைத்துவிடுகிறார்கள். அது தவறு. அதிகாரியின் மனதில் எழும் கேள்வி முழுவதும் இந்தப் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் எதற்காக இங்கே வந்தீர்களோ, அந்தக் காரணம் இன்னும் அப்படியே இருந்தால் ஏன் கிளம்புவீர்கள்?

அப்பா அம்மாவைப் பார்த்துக்கொள்ள வந்தவர்கள்தான் நம் பக்கம் அதிகம். அதை ஒளிக்க வேண்டாம். ‘அப்பாவின் அறுவை சிகிச்சைக்காக வந்தேன், இப்போது தேறிவிட்டார்; திருமங்கலத்தில் இருக்கும் தம்பி குடும்பம் இந்த வீட்டுக்குக் குடிவருகிறது’ என்று எழுதி, மருத்துவமனை டிஸ்சார்ஜ் தாளையும் தம்பியின் கடிதத்தையும் வையுங்கள். அம்மா தனியாக இருக்கிறார், வேறு பிள்ளை இல்லை என்பதுதான் நிலைமையென்றால், அவருக்கு உண்மையில் என்ன ஏற்பாடு செய்யப் போகிறீர்கள் என்பதைக் குடும்பத்தோடு உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். கோப்புக்காக மட்டுமல்ல, உங்களுக்காகவும். இதை முடிவு செய்யாதவர்கள் ஒப்புதல் வந்த பிறகு கிளம்ப முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவிப்பு கொடுமையானது.

தொழில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினம். மாசி வீதியில் கடை, சிந்தாமணிப் பக்கம் ரைஸ் மில், பைபாஸில் ஹோட்டல் பங்கு என்று இருந்தால், யாரிடம் ஒப்படைக்கிறீர்கள்? பங்குதாரர் மாற்றப் பத்திரம், பவர் பத்திரத்தின் வரைவு, ஜி.எஸ்.டி. பதிவில் கையெழுத்திடும் பொறுப்பை மாற்றும் ஏற்பாடு, ஆடிட்டரின் கடிதம் ஆகியவற்றில் உங்களுக்குப் பொருந்துவதை வையுங்கள். கடையை விற்றே ஆக வேண்டும் என்று இல்லை. நீங்கள் இல்லாமல் கடை நடக்கும் என்று தெரிந்தால் போதும்.

சம்பள வேலையில் இருப்பவர் விண்ணப்பிக்கும்போதே ராஜினாமா செய்ய வேண்டாம். காத்திருக்கும் காலத்துக்குச் சோறு வேண்டாமா? நோட்டீஸ் காலம் எவ்வளவு என்று காட்டும் வேலை ஒப்பந்தப் பக்கமும், ஒப்புதல் வந்ததும் ராஜினாமா என்ற உங்கள் அட்டவணை வரியும் சேர்ந்தால் போதுமானது.

சொந்த வீடும் அப்படியே. விற்றுத் தொலைத்தால்தான் நம்புவார்கள் என்று ஒரு பயம் பரவியிருக்கிறது. பிறந்த ஊரில் வீடு வைத்திருப்பது குற்றமில்லை. வாடகைக்கு விடப்போகிறீர்களா, பெற்றோர் இருப்பார்களா என்று சொன்னால் விஷயம் முடிந்தது. ஆனால் விண்ணப்பம் நடக்கும்போதே கே.கே. நகரில் புதிதாக ஃபிளாட் வாங்கி, இருபது வருடக் கடன் போட்டு, அதை விளக்காமல் விட்டால் கோப்பு தன்னையே மறுத்துப் பேசும்.

பிள்ளை விஷயத்தில் ஒரு கவனம். கனடாவில் பிறந்தவரோ, அங்கே குடியுரிமை வாங்கியவரோ ஆன ஒருவருக்கு, குடிமகனான பிறகு மதுரையில் குழந்தை பிறந்தால் அந்தக் குழந்தை பிறப்பிலேயே கனடா குடிமகன். அதை ஸ்பான்சர் செய்யத் தேவையில்லை. குடியுரிமைச் சான்றுக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அதற்கும் மாதக்கணக்கில் ஆகும். ஒப்புதல் வந்த பிறகு தொடங்கினால் பெற்றோர் கிளம்பத் தயார், குழந்தைக்குத் தாள் இல்லை என்று நிற்க நேரும். இப்போதே தொடங்கினால் அந்த ரசீதும் நல்ல ஆதாரம்.

8. இப்போது கடிதம்

இரண்டு பக்கம் போதும். ஆங்கிலத்தில், ஸ்பான்சரே எழுதி, துணையும் கையெழுத்திடலாம். வரிசை: எப்போது, எதற்காக மதுரைக்கு வந்தேன், அந்தக் காரணம் இப்போது எப்படித் தீர்ந்தது, ஏன் கனடாவில் வாழ முடிவு செய்தோம், இருப்பிடம், வேலை, பணம், மதுரையில் எதை யாரிடம் விடுகிறோம், ஒப்புதலுக்குப் பிறகான கால அட்டவணை.

ஒவ்வொரு வரியும் ஒரு ஆதாரத்தைச் சுட்டட்டும். ‘அக்கா வீட்டில் தங்குவோம், இணைப்பு 4’. இணைப்பு இல்லாத வரியை எடுத்துவிடலாமா என்று யோசியுங்கள். கனடாவின் சுத்தமான காற்று, உலகத் தரக் கல்வி என்ற பத்திகளை ஏஜென்ட்டுகள் எல்லாக் கோப்பிலும் ஒட்டுகிறார்கள். அவை உங்களைப் பற்றி எதுவும் சொல்வதில்லை.

பணம் வாங்கிக்கொண்டு உங்கள் சார்பில் விண்ணப்பம் செய்கிறவர் கனடாவில் உரிமம் பெற்ற குடிவரவு ஆலோசகராகவோ வழக்கறிஞராகவோ இருக்க வேண்டும். அவர் பெயரை விண்ணப்பத்தில் அறிவிக்கவும் வேண்டும். ‘என் பெயர் எதிலும் வர வேண்டாம்’ என்று சொல்கிறவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

9. ஃபார்ம்களோடு ஒத்துப் பாருங்கள்

கடிதம் முடிந்ததும் ஒரு நாள் ஆறப்போட்டு, ஐ.எம்.எம். 1344 (ஸ்பான்சர் விண்ணப்பம்), ஐ.எம்.எம். 5532 (உறவு பற்றிய விவரப் படிவம்), துணையின் வேலை, முகவரி வரலாறு எல்லாவற்றையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். தங்கும் ஊர் கடிதத்தில் மார்க்கம் நகர், ஃபார்மில் ஸ்கார்பரோ என்று இருக்கக் கூடாது. மதுரைக்கு வந்த ஆண்டு எல்லாவற்றிலும் ஒன்றாக இருக்கட்டும். வரலாற்றில் ஒரு மாதம்கூட வெற்றிடம் விடாதீர்கள். சும்மா இருந்தால் வேலை இல்லாமல் இருந்ததாக எழுதுங்கள்.

1344இல் ஒரு கேள்வியை யோசிக்காமல் டிக் செய்கிறார்கள். ஸ்பான்சர் தகுதியில்லை என்று முடிவானால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதா, தொடர்வதா என்பது அது. திரும்பப் பெற்றால் ஸ்பான்சர் கட்டணம் போக மீதிப் பணம் வரும், விஷயம் அங்கேயே முடியும். தொடர்ந்தால், மறுக்கப்பட்ட பிறகு குடிவரவு மேல்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் வழி திறந்திருக்கும். வெளிநாட்டில் இருந்து ஸ்பான்சர் செய்பவர், வாதாட விஷயம் இருக்கிறது என்று நம்பினால், தொடர்வதையே தேர்ந்தெடுக்கலாம் என்பது என் எண்ணம்.

துணையையும் உட்காரவைத்து முழுக் கோப்பையும் படிக்கச் சொல்லுங்கள். நேர்காணலுக்கு அழைத்தால் கேட்பது அவரிடம்தான். ‘அவர் என்னை விட்டுவிட்டுக் கடையைப் பார்க்க ஊருக்கு வந்துவிடுவார்’ என்று வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டால் இரண்டு பக்கக் கடிதமும் வீண்.

10. காத்திருக்கும் மாதங்களில்

முதலில் ஸ்பான்சரின் தகுதியைப் பார்ப்பார்கள், பிறகு துணையின் கோப்பு. கூடுதல் ஆதாரம் கேட்டுக் கடிதம் வந்தால், அதில் உள்ள கெடுவுக்குள் பதில் போக வேண்டும். மின்னஞ்சலின் ஸ்பேம் பெட்டியையும் தினம் திறந்து பாருங்கள்.

சூழ்நிலை மாறினால் கனடா குடிவரவுத் துறையின் வெப்ஃபார்மில் (இணையப் படிவம்) தெரிவியுங்கள்: அக்கா வீடு மாறினார், புது வேலை கிடைத்தது, குழந்தை பிறந்தது. புதிதாகப் பிறந்த குழந்தையைச் சொல்லாமல் விடுவது மட்டும் கூடவே கூடாது. கனடா போய் வந்தால் போர்டிங் பாஸ், அங்கே பார்த்த வீடு, நேர்காணல் கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து வையுங்கள்.

டிக்கெட்டை முன்கூட்டி வாங்கி ஆதாரமாக வைப்பதில் பயன் குறைவு, நஷ்டம் அதிகம்.

11. கிளம்புவதும் இறங்குவதும்

பி.ஆர். உறுதிச் சான்றின் கடைசி தேதி பெரும்பாலும் மருத்துவப் பரிசோதனை நடந்ததிலிருந்து ஓராண்டை ஒட்டி இருக்கும். நீட்டித்துத் தர மாட்டார்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அது வந்த அன்று உங்கள் அட்டவணையை எடுத்துச் சுவரில் ஒட்டுங்கள்.

ஸ்பான்சர் முன்னதாகப் போகலாம், அல்லது இருவரும் சேர்ந்தே இறங்கலாம். துணையை மட்டும் அனுப்பிவிட்டு ‘பின்னால் வருகிறேன்’ என்பது விதியின் நிபந்தனைக்கே விரோதம். கனடா குடிமகனான துணையோடு வெளிநாட்டில் இருக்கும் நாட்கள் பி.ஆர். வசிப்புக் கணக்கான 5 ஆண்டில் 730 நாளில் சேரும் என்று ஒரு விதி உண்டு. அதைக் கேள்விப்பட்டு, இறங்கி அட்டை வாங்கிக்கொண்டு மறு மாதமே ஊர் திரும்பலாம் என்று திட்டமிடுகிறார்கள். அந்த விதி பின்னாளைய வசிப்புக் கணக்குக்கானது. ஸ்பான்சர் செய்தபோது நீங்கள் கொடுத்த உறுதியை அது ரத்து செய்யாது.

நகைகளைத் தனித்தனியாகப் போட்டோ எடுத்து, எடையும் மதிப்பும் போட்ட மதிப்பீட்டுத் தாளோடு, இறங்கும்போது கனடா சுங்க அதிகாரியிடம் கொடுக்கும் சாமான் பட்டியலில் சேருங்கள். பின்னால் வரப்போகும் சாமான்களையும் முதல் நாளே அந்தப் பட்டியலில் எழுதிக் கொடுக்க வேண்டும். அக்கா வீட்டுக் கடிதம், வேலைத் தாள்கள், கோப்பின் நகல் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். அதிகாரி கேட்டால் காட்டலாம். பி.ஆர். அட்டை கனடா முகவரிக்குத் தபாலில் வரும். அந்த முகவரியை 180 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்பதால், இறங்கும்போதே சரியான அஞ்சல் குறியீட்டோடு எழுதிக் கொடுத்துவிடுங்கள்.